நீலமணிக் கைச்சரம்

நீலம் என்னும் சொல் தமிழில் ஒரு நிறத்துக்கும் பெயர். ஓர் இரத்தினத்துக்கும் பெயர். ஒரு சொல் இரு பொருளுக்கு உரியதாயிருப்பது புலவர்க்குச் சிலேடை பாட உதவும். கையில் அணியும் மணிச்சரத்தைப் பேண வேண்டியவர்க்கோ அதனால் விளைவது குழப்பமே. நீல நிறமுடைய மணிகளையெல்லாம் நீலக்கல் என்றே கொண்டு, எல்லாவற்றையும் ஒரே விதமாகக் கழுவித் துடைத்து, ஒரே பெட்டியில் இட்டு வைக்கும் வழக்கத்தால் கெட்டுப்போன நல்ல மணிகள் பல.

மட்டக்களப்பு நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், பெரியநீலாவணையைக் கடந்ததும் வருவது மருதமுனை. கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர். இங்கு நெய்யப்படும் சாறனும் சேலையும் இலங்கையின் பல பகுதிகளுக்கும் செல்வன. இவ்வூரில் இரத்தினக்கல் அகழப்படுவதில்லை. கல் பட்டை தீட்டும் தொழிலுக்கும் இவ்வூர் பெயர் பெற்றதன்று. அப்படியிருக்க, நீலமணிச் சரத்தைப் பற்றிய பேச்சு ஏன் இவ்வூரைச் சுற்றி அமைய வேண்டும் என்று கேட்போர் வினவலாம். மணிச்சரம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் முறையை இங்குத் தெளிவாகக் காணலாம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் நூலைப் பற்றியது. அது பின்னர் வரும்.

கீழ்க்கரை முஸ்லிம்களிடையே குடிவழி தாயைச் சார்ந்து வருவது. மணமாகும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் நெடுங்காலத்தது. வீடு மகளுக்குப் போவதுபோலவே, உம்மாவின் கழுத்திலும் கையிலும் கிடந்த நகைகளும் பெரும்பாலும் மகளுக்கும், மகளின் மகளுக்கும் போய்ச் சேரும். பொன்னை உருக்கலாம், விற்கலாம், புது மாதிரியில் செய்விக்கலாம். ஒரு தலைமுறையின் காப்பு அடுத்த தலைமுறையில் சங்கிலியாகிவிடுவதும் உண்டு. மணிச்சரம் அவ்வாறன்று. உருக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. அது அதுவாகவே கைமாற வேண்டும். இல்லையேல் கெட்டொழிய வேண்டும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் புகுந்து, மருதமுனையின் கடலோர வீடுகளையும் அவற்றில் வாழ்ந்தோர் பலரையும் வாரிக்கொண்டு சென்றது. பெட்டகமும் அலுமாரியும் போன வீடுகளில், உயிர் தப்பியவரின் உடலில் கிடந்த நகையே மூத்தோர் நினைவாக எஞ்சியிருக்கும். அத்தகைய ஒரு சரத்துக்குச் சந்தை விலை என்னவென்று கேட்பது பொருந்தாது. அது கெடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதே பொருந்தும்.

ஒரு கலியாண வீட்டை எண்ணிக்கொள்ளலாம். மூத்தம்மாவின் நீலமணிச் சரம் பேத்தியின் கைக்குப் போகவேண்டிய நாள். பெட்டியைத் திறந்தால் மணிகள் மங்கிக் கிடக்கின்றன.

“மூத்தம்மா, இது என்ன கல்?” என்று பேத்தி கேட்கிறாள்.

“நீலக்கல்லுத்தான் மகள், எங்கட உம்மா தந்தது” என்று விடை வருகிறது.

வெண்கல வட்டாவையும் படிக்கத்தையும் ஆண்டாண்டாகப் பளபளக்கச் செய்த கை அது. வெள்ளிக் கொலுசை விளக்கியதும் அதே கைதான். ஆகையால் அருகே தேசிக்காய்ப் பாதி ஒன்று ஆயத்தமாயிருக்கிறது. அம்மணிகள் மெய்யான நீலக்கல்லாயின் அதனால் யாதொரு கேடும் இல்லை. லாஜவர்த் என்னும் கல்லாயின் கேடு உண்டு. பார்வைக்கு நீலக்கல்லாகத் தோன்றி, உள்ளே கண்ணாடி ஊட்டப்பட்டதாயின் அதனினும் பெரிய கேடு உண்டு. மூன்றும் நிறத்தால் நீலம். மூன்றும் கடையில் இயற்கைக் கல் என்ற ஒரே பெயரால் விற்கப்படுவதும் அரிதன்று.

முதலில் மெய்யான நீலக்கல்லை எடுத்துக்கொள்வோம். இது குருந்தம் என்னும் கனிய வகையைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் இவ்வகைக்கு இட்ட பெயரான ‘கொரண்டம்’ என்பது இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பொருள் இது, தூயதாயின் நிறமற்றது. இரும்பும் டைட்டேனியமும் சிறு அளவில் கலந்தால் நீலமாகும். குரோமியம் கலந்தால் மாணிக்கமாகும். ஆகவே நீலமும் மாணிக்கமும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். கத்தி தீட்டும் சாணைக்கும் குருந்தத் தூளையே அரக்கோடு கலந்து பயன்படுத்தினர். செருமானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் கனியங்களைக் கடினத்தின்படி ஒன்று முதல் பத்துவரை வரிசைப்படுத்தியபோது, வைரத்துக்குப் பத்தும் குருந்தத்துக்கு ஒன்பதும் கொடுத்தார். கடற்கரை மணலில் மிகுந்திருக்கும் படிகக்கல் ஏழாம் படியில் நிற்பது. மணலால் கீறப்படாத மணி நீலக்கல். அமிலமும் உப்பும் சவர்க்காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை.

இலங்கையில் இக்கல் கிடைப்பது பெரும்பாலும் இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, எலகெர முதலிய பகுதிகளில். வயல்களின் அடியிலும் ஆற்றுப் படுக்கையிலும் ‘இல்லம்’ எனப்படும் பருக்கைக் கற்படை ஒன்று உண்டு. குழி தோண்டி, மரத்தால் முட்டுக் கொடுத்து, அப்படையை மேலே கொணர்ந்து, கூடையில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவுவர். மண்ணும் இலேசான கற்களும் வழிந்தோட, பாரமான மணிக்கற்கள் கூடையின் அடியில் தங்கும். மலைப்பாறையில் பிறந்து, வெள்ளத்தால் உருட்டப்பட்டு, எண்ணற்ற ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தும் கெடாத கல்லை, மனிதர் பத்தாண்டு அணிந்து கெடுத்துவிடுவது எளிதன்று.

இத்தீவின் மணிகளைப் பற்றி எழுதிய வெளிநாட்டார் பலர். அவர்களுள் கைச்சரத்தைக் கண்ணாற் கண்டு குறித்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா. 1344-ஆம் ஆண்டில் அவர் புத்தளக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, பாவா ஆதம் மலைக்கு யாத்திரை சென்றார். சிவப்பு, மஞ்சள், நீலம் என மூவகை மணிகள் இங்கு அகழப்படுவதை அவர் கூறுகிறார். நீல மணியை இங்குள்ளோர் ‘நீலம்’ என்றே அழைப்பதையும் அரபு எழுத்தில் பதித்திருக்கிறார். நூறு பணத்துக்கு மேற்பட்ட விலையுடைய கல் அரசனுக்கு உரியது, அவன் அதன் விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்வான், அதற்குட்பட்டது கண்டெடுத்தவனுக்கே என்ற வழக்கமும் அவர் நூலில் உண்டு. இலங்கைப் பெண்கள் பலநிற மணிகளைக் கோத்துக் கழுத்தில் மட்டுமன்றிக் கையிலும் காலிலும் அணிந்திருந்தனர் என்பது அவர் தரும் செய்தி. மன்னர்க்கு வேண்டாத சிறு கற்கள் குடிமக்களின் கைக்கு வந்தன போலும். இன்றும் சரத்தில் கோக்கப்படுவது பெருங்கல் அன்று; மோதிரத்துக்கு ஆகாத, ஒளி ஊடுருவாத, சிறுமணிக் கற்களே.

இனி நீலக்கல்லின் இன்னொரு கதை. பால்போல் மங்கலாகவும் புகைபடிந்ததுபோலவும் கிடக்கும் குருந்தத்தை இரத்தினபுரிப் பக்கத்தில் ‘கெவுட’ என்பர். ஒரு காலத்தில் அது பயனற்ற கல்லென்று ஒதுக்கப்பட்டது. தோட்டத்துப் பாதையில் பரப்பினார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. 1970-களில் தாய்லாந்து வணிகர் அதை மலிந்த விலைக்கு வாங்கிச் சென்று, 1,500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உலையிலிட்டு எடுத்தபோது அது அழகிய நீலமாயிற்று. கல்லினுள் ஊசிபோல் கிடந்த டைட்டேனியக் கனியம் கரைந்து கல்லோடு கலந்ததே அந்நிறத்துக்குக் காரணம். தீயால் மணியைத் திருத்தும் வித்தை புதிதன்று. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி மணிக்கற்களைப் பற்றிய தம் நூலில் அதனைக் குறிப்பிடுகிறார். புதியதாயிருந்தது உலையின் வெப்பமே. இவ்வாறு சூடேற்றிய கல்லும் குருந்தமே. அதன் நிறம் நிலையானது. பேணுவதிலும் வேறுபாடு இல்லை. ஆனால் சூடேற்றாத கல்லுக்கு விலை பன்மடங்கு உயர்வு. ஆகவே சூடேற்றியதை வாங்குவோர்க்குச் சொல்லாமல் விற்பது வணிக நேர்மையன்று.

சூடேற்றலோடு நில்லாத திருத்தம் ஒன்று உண்டு. வெடிப்பு நிறைந்த, மதிப்புக் குறைந்த குருந்தத்தை எடுத்து, கோபாற்று என்னும் உலோகத்தால் நீலமூட்டிய ஈயக் கண்ணாடியை உருக்கி அவ்வெடிப்புகளில் செலுத்துகின்றனர். கல் கடினமானது, உள்ளே புகுந்த கண்ணாடி அத்தகையதன்று. தேசிக்காய்ச் சாறு பட்டாலே அது அரிக்கப்படும். வெடிப்புகளின் வாய் வெள்ளைக் கோடுகளாக வெளித் தெரியும். ஒருமுறை அரித்தது மீள்வதில்லை. மணியில் அரைப்பங்கு கண்ணாடியாயிருந்தும், இது நீலக்கல்தானே என்று விற்பவர் சொன்னால் அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மை முழுப் பொய்யைவிட விற்பனைக்கு வசதியானது. மறைந்த குறை உள்ள பண்டத்தை அறியாது வாங்கியவர்க்கு, குறை வெளிப்பட்டபின் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இஸ்லாமியச் சட்ட நூல்களில் தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. வாங்கும்போது என்ன கல், என்ன திருத்தம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது அவ்வுரிமையைக் காப்பதாகும்.

அடுத்தது லாஜவர்த். ஆழ்ந்த நீலத்தில் பொற்பொடி தூவினாற்போலத் தோன்றும் கல் இது. ஆப்கானிஸ்தானத்தின் பதக்சான் மலையில், கொக்சா ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள சுரங்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எடுக்கப்பட்டு வருகிறது. எகிப்திய மன்னர் தூத்தன்காமூனின் பொன்முகமூடியில் புருவமும் கண்ணிமையும் இக்கல்லால் பதிக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் வான்நீலத்தைக் குறிக்கும் ‘அசூர்’ என்ற சொல்லும் இந்தப் பாரசீகப் பெயரின் வழிவந்ததே. ஆனால் இது ஒரு தனிக் கனியமன்று. பல கனியங்கள் கலந்த பாறை. நீலம் தருவது ஒன்று. வெண்புள்ளியாயிருப்பது சுண்ணக்கல் இனம். பொன்னாகத் தோன்றுவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒன்று. கடினம் ஐந்து, ஐந்தரைப் படிதான்.

இதன் நீலத்தை அறியாத வீடு முன்னர் இருந்ததில்லை என்று சொன்னால் வியப்பாயிருக்கும். ஐரோப்பிய ஓவியர் லாஜவர்த்தை அரைத்துப் பொன்னுக்கு நிகரான விலைகொடுத்து வாங்கி வண்ணமாகத் தீட்டினர். அதே நீலத்தை 1820-களில் பிரான்சு நாட்டு வேதியியலார் ஆலையில் செய்யக் கற்றனர். அவ்வாறு செய்த நீலமே பின்னர் வெள்ளை வேட்டிக்கும் சட்டைக்கும் போடும் கட்டிநீலமாக உலகெங்கும் பரவியது. மன்னனின் முகமூடியில் இருந்ததும் சலவைத் தொட்டியில் கரைந்ததும் தன்மையால் ஒன்றே. அந்த நீலத்துக்கு அமிலம் ஆகாது. அமிலம் பட்டால் கந்தகம் பிரிந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு நிறம் வெளுக்கும். கூடவுள்ள சுண்ணக்கல்லும் நுரைத்துக் கரையும். தேசிக்காய், புளி, காடி ஆகியவற்றை லாஜவர்த் மணியில் தேய்த்தால் மெருகு போய், மேனி சொரசொரத்து, சாம்பல் பூத்துவிடும். கலியாண வீட்டு மூத்தம்மாவின் கையில் இருந்த தேசிக்காய்ப் பாதி அஞ்சத்தக்கதாவது இதனாலேயே.

பிரோசா என்பது ஈரானின் நிசாப்பூரில் பேர்பெற்ற வானநீலக் கல். செம்பும் அலுமினியமும் பொசுபரசும் சேர்ந்தது, நுண்துளை நிறைந்தது. வியர்வையையும் எண்ணெயையும் அத்தரையும் உறிஞ்சி நாளடைவில் பச்சையாக மாறும் இயல்புடையது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு இதனைத் தொடுவதே பிழை. காலி மாவட்டத்து மீட்டியாகொடையில் அகழப்படும் சந்திரகாந்தக் கல்லோ, வெண்மையினுள் நீல ஒளி மிதப்பது. அதன் பகை எண்ணெயன்று, அடி. இரு திசைகளில் எளிதாகப் பிளக்கும் உடலமைப்பு அதற்கு உண்டு; சிமெந்துத் தரையில் விழுந்தால் பிழைப்பது அதிட்டம். இவற்றைவிடச் சரங்களில் வருவன கடல்நீலப் பெரில், சோடலைற்று, நீலப் புட்பராகம் எனப் பல. அவற்றை விரிப்பதாயின் பேச்சு நீளும்.

சாயம் ஏற்றிய கல்லைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அகேற்று, வெண்மையான ஹவுலைற்று முதலிய மலிந்த கற்களை நீலச் சாயத்தில் ஊறவைத்து, லாஜவர்த் என்றும் பிரோசா என்றும் விற்கின்றனர். இதைக் கண்டுபிடிக்கும் முறை நெசவூரார்க்குப் பழக்கமானதே. சாயம் கெட்டியா, போகுமா என்று நூலை நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பது தறிக்காரர் வழக்கம். அதேபோல் சரத்தை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சற்று நேரம் பொதிந்து வைத்தால், போலிச் சாயம் பெரும்பாலும் துணியில் காட்டிக்கொடுக்கும். நீரில் போகாத சாயமும் உண்டு. அதற்குத் துளையைப் பார்க்க வேண்டும். மணியின் துளைவாயிலும் நுண்வெடிப்பிலும் நிறம் கருத்துத் திரண்டிருந்தால் அது ஏற்றிய சாயம். துளைக்குள் வெண்மை தெரிந்து மேனி மட்டும் நீலமாயிருப்பினும் ஐயத்துக்கு இடமுண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் அது வெறுங்கண்ணாடியாகலாம்.

கீறிப் பார்ப்பது, நெருப்பில் காட்டுவது, சுத்தியலால் தட்டுவது ஆகியன சோதனைகள் அல்ல, வதைகள். ஆலையில் செய்த குருந்தமும் கீறலைத் தாங்கும் என்பதால், அச்சோதனையில் தேறுவதால் இயற்கைக் கல்லென்று முடிவு கட்டவும் இயலாது. பிரான்சு நாட்டு வெர்னுயி தீச்சுவாலையில் குருந்தத்தை வளர்க்கும் முறையைக் கண்டறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. பெறுமதியான சரமாயின், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் சோதனைக்கூடத்தில் காட்டி அறிவதே முறை.

நீலக்கல் சனியின் கல்லென்றும், அணிந்தாரை உயர்த்தும் அல்லது வீழ்த்தும் என்றும் சோதிட நூலார் கூறுவர். நீலமணி கண்ணூறு தடுக்கும் என்ற நம்பிக்கை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இக்கரைவரை பரந்தது. மார்க்க அறிஞர் இத்தகைய நம்பிக்கைகளை ஏற்பதில்லை. கல்லின் பேணலுக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்ற அளவில் இதனை விட்டுச் செல்லலாம்.

சரம் கெடுவது பெரும்பாலும் கல்லால் அன்று, நூலால். நெசவூர் மக்களுக்கு இதனை விரித்துச் சொல்லத் தேவையில்லை. தறியில் பாவின் இழை எங்கே அறும் என்பதை அவர்கள் அறிவர். அச்சின் கம்பி உராயும் இடத்தில் அறும். முடிச்சின் பக்கத்தில் அறும். ஈரமும் கஞ்சியும் கெட்டுப் பூசணம் பிடித்த இடத்தில் அறும். மணிச்சரத்திலும் அதே மூன்று இடங்கள்தாம். மணியின் துளைவாய் செவ்வையாக மழுக்கப்படாவிடின் அது வாள்போல் நூலை அறுக்கும். நீலக்கல் மணியில் இது மிகுதி. கல் எவ்வளவு கடினமோ அவ்வளவு கூர்மை அதன் விளிம்புக்கு உண்டு. ஆகவே மிகக் கடினமான மணிக்கே மிக நல்ல நூல் வேண்டும்.

பருத்தி நூல் இதற்கு ஏற்றதன்று. வியர்வையை உறிஞ்சும், காயாது, உக்கும். பட்டு நூல் மென்மையானது, முடிச்சு அழகாக விழும். ஆயினும் நனைந்தால் தளரும். நைலோன் நூல் ஈரத்தைத் தாங்கும். பாரமான கற்களுக்கு மெல்லிய உருக்குக் கம்பியின்மேல் பிளாத்திக்குப் பூசிய சரடு நல்லது. இன்று கடைகளில் வரும் சரங்களிற் பல இலாத்திக்கு நூலில் கோத்தவை. கொளுக்கி வேண்டாம், கையில் இழுத்து மாட்டலாம் என்ற வசதிக்காக வந்தவை. அவ்வசதியே அவற்றின் குறை. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நூல் சிறிது நீளும். பழைய நிலைக்கு முற்றும் திரும்புவதில்லை. கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் வெப்பத்தாலும், எண்ணெய் பட்டாலும் அது விரைந்து இற்றுப்போகும். இரு மணிகளுக்கிடையே நூல் வெளித்தெரியத் தொடங்கினால் அறுவதற்கு நாளாகவில்லை என்று பொருள். இத்தகைய சரத்தைக் கையில் விரித்து மாட்டாமல், விரல்களின்மேல் உருட்டி ஏற்றி இறக்குவது நூலின் ஆயுளைக் கூட்டும்.

பெறுமதியான மணிகளை முடிச்சிட்டுக் கோப்பதே சிறந்தது. தஸ்பீஹ் மணி கோப்பவர்க்கும் முத்து கோப்பவர்க்கும் தெரிந்த வேலை இது. ஒரு மணியை நூலில் விட்டு, முடிச்சை இளக்கமாகப் போட்டு, ஊசிமுனையால் அதனை மணியின் வாய்வரை நகர்த்தி இறுக்கிய பின்னரே அடுத்த மணியை விட வேண்டும். இதனால் மணியோடு மணி உராய்வதில்லை. நூல் அறுந்தாலும் ஒரு மணி மட்டுமே விழும். மற்றவை முடிச்சில் நிற்கும். ஆழிக்கரையில் நடக்கும்போது முடிச்சிடாத சரம் அறுந்தால், மணலில் மணி தேடும் வேலை எத்தகையது என்பதை அனுபவித்தவர் அறிவர். நாள்தோறும் அணியும் சரத்தை ஆண்டுக்கொரு முறையேனும் நூல் மாற்றிக் கோப்பது நலம். அறும்வரை காத்திருப்பது பேணலாகாது. பாவில் அறுந்த இழையை நொடியில் பிணைக்கும் விரல்களையுடைய ஊரில், இதற்கு நகைக்கடையைத் தேடிப்போக வேண்டியதில்லை.

நாளாந்தம் செய்யத்தக்கவை சில. ஐந்து வேளையும் வுழுச் செய்வோர் சரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீரில் கையிடுவது இருவகையிலும் நன்று. நீர் தோலின் எல்லாப் பகுதியிலும் படும். நூலும் நாளுக்கு ஐந்துமுறை நனையாது. கழற்றிய இடத்திலேயே மறந்து வருவோர் உண்டாதலால், வைக்கும் இடம் எப்பொழுதும் ஒன்றாயிருக்கட்டும். அத்தர் பூசுவது, எண்ணெய் வைப்பது, மா பிசைவது, மீன் கழுவுவது எல்லாம் சரமற்ற கையால் ஆக வேண்டியவை. கலியாணத்திலும் பெருநாளிலும் மருதோன்றி இடுவோர் இதனை இன்னும் கருத்திற் கொள்ள வேண்டும். மருதோன்றிக் குழைவில் தேசிக்காய்ச் சாறும் யூக்கலிப்டசு எண்ணெயும் சேர்ப்பது வழக்கம்; நுண்துளைக் கல்லில் அச்சிவப்பு ஏறினால் பின்பு இறங்காது. மணப்பெண்ணின் கையில் மருதோன்றி காய்ந்து உதிர்ந்து கழுவிய மறுநாளே மூத்தம்மாவின் சரம் ஏறட்டும்.

கழுவும் முறை எளியது. ஒரு கிண்ணத்தில் இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரம் ஒரு துளியும் போதும். நீலக்கல் மணிகளை அதில் சற்று ஊறவிட்டு, குழந்தைகளின் பற்றூரிகைபோன்ற மென்தூரிகையால் துளைவாய்வரை தேய்த்து, நல்ல நீரில் அலசலாம். லாஜவர்த்தையும் பிரோசாவையும் ஊறவைக்கலாகாது. ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். கண்ணாடி ஊட்டிய கல்லென்று ஐயமிருந்தால் அதனையும் இவற்றோடு சேர்த்துக்கொள்வதே காப்பு. துடைக்குமுன் தூசியை ஊதியோ நீரால் கழுவியோ நீக்க வேண்டும். இக்கரையில் தூசி என்பது பெரும்பாலும் நுண்மணல். உலர்ந்த துணியால் தேய்த்தால் ஏழாம் படியிலுள்ள மணல் ஐந்தாம் படியிலுள்ள லாஜவர்த்தைக் கீறிவிடும். நகைக்கடைகளில் உள்ள, நீரை அதிரச் செய்து அழுக்ககற்றும் பொறி பொன்னகைக்கு நல்லது, இந்தக் கற்களுக்கன்று. கொளுக்கியைப் பற்றவைக்கக் கொடுப்பவர் மணிகளைக் கழற்றிவிட்டே கொடுக்க வேண்டும். பொற்கொல்லரின் ஊதுகுழல் தீ எந்த மணியென்று பார்ப்பதில்லை.

உலர்த்துவது நிழலில், துவாயின்மேல், நீளக் கிடத்தி. ஆணியில் தொங்கவிட்டால் ஈரநூல் கல்லின் பாரத்தால் நீண்டுவிடும். நூலுக்குள் ஈரம் தங்குமாதலால் ஓரிரவு கழிந்தபின்னரே பெட்டியில் வைக்கலாம். மாரிகாலத்தில் இதற்கு இரண்டு நாளும் ஆகும். பெட்டியில் ஒவ்வொரு சரத்துக்கும் தனித் துணிப்பை வேண்டும். நீலக்கல் தன்னைக் காத்துக்கொள்ளும். பக்கத்தில் கிடக்கும் சந்திரகாந்தத்தையும் லாஜவர்த்தையும் முத்தையும் பொன்னையும் அதுவே கீறும். தறியில் மிஞ்சிய பருத்தித் துண்டில் தைத்த பை இதற்குத் தக்கது. சாயம் போகாத துண்டாயிருப்பது மட்டும் அவசியம்.

அப்பையினுள் ஒரு கடுதாசித் துண்டும் இருக்கட்டும். அதில் கல்லின் பெயர், அது சூடேற்றியதா, சாயமேற்றியதா, கண்ணாடி ஊட்டியதா என்ற விவரம், மணிகளின் எண்ணிக்கை, யாருடைய சரம் யாருக்கு வந்தது, கடைசியாக நூல் மாற்றிய ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அடுத்த முறை பேத்தி கேட்கும்போது விடை பெட்டியிலேயே இருக்கும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மை பரவிவிடும். ஆதலின் பென்சிலால் எழுத வேண்டும்.